தீராத வழக்குகளைப் பற்றி ஊகிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1979ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கப்பூரின் கேலாங் பாரு அடுக்குமாடி வீடொன்றில் உடன்பிறந்த 4 பிள்ளைகள் கொல்லப்பட்டனர். 1986ஆம் ஆண்டு மே மாதத்தில் 12 வயதுச் சிறுவர்கள் இருவர் ஒரே நாளில் காணாமற்போயினர். அவர்களைப் பற்றித் தகவல் தருவோர்க்கு மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் 100,000 வெள்ளி வெகுமதி அறிவித்தது. இரண்டு வழக்குகளுக்கும் இன்றுவரை விடை கிடைக்கவில்லை. இவற்றை நினைத்து மனம் கலங்குவதும், என்னதான் நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதும் இயல்பே. ஆனால் அந்த எண்ணம் வாட்ஸ்அப் குழுவிலோ காணொளியிலோ உறுதியான கூற்றாக வெளிவரும்போது, உயிரோடிருக்கும் யாரோ ஒருவர் பழி சுமக்க நேர்கிறது. சிங்கப்பூர் போன்ற சிறிய நாட்டில் அவர் நம் உறவினருக்கோ உடன் வேலை செய்பவருக்கோ தெரிந்தவராகவும் இருக்கலாம்.

நாளிதழில் வந்தவை மட்டுமே வழக்கின் மொத்த ஆதாரம் என்று கொள்வது பலரும் முதலில் செய்யும் தவறு. கொலை விசாரணைகளில் சில விவரங்களைக் காவல்துறை வேண்டுமென்றே வெளியிடாமல் வைத்திருப்பதுண்டு. குற்றம் செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒன்றை வைத்துத்தான் ஒரு வாக்குமூலம் மெய்யா பொய்யா என்று சோதிக்க முடியும். ஆகவே, "இதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் வரவில்லை?" என்று கேட்டு, அந்த மௌனத்தையே தடயமாக்கி ஒரு கதையை எழுப்புவது அடிப்படையிலேயே பிழையானது. 2007ஆம் ஆண்டு காணாமற்போன ஓர் இளம்பெண்ணின் வழக்கில், 13 ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில் ஒருவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அன்றே பலர் மனத்தளவில் தீர்ப்பெழுதி முடித்துவிட்டனர். ஆனால் கொலைக் குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. சடலத்தைச் சட்டவிரோதமாக அப்புறப்படுத்தியது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2022ஆம் ஆண்டில் அவருக்கு 26 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எல்லா ஆவணங்களையும் கையில் வைத்திருந்தோர் கொண்டுவந்த குற்றச்சாட்டே மாறக்கூடுமெனில், நாலைந்து செய்தி நறுக்குகளை மட்டும் படித்துவிட்டு நாம் எட்டும் முடிவு எவ்வளவு பலவீனமானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் சமூகத்தை நேரடியாகத் தொட்ட வழக்கொன்றும் உண்டு. 1984ஆம் ஆண்டின் இறுதியில் விடுமுறை விடுதிக் காப்பாளரான ஒரு தமிழர் காணாமற்போனார். 1987ஆம் ஆண்டு மார்ச்சில், அவரைக் கொன்றதாக 6 பேர் கைது செய்யப்பட்டுக் குற்றம் சாட்டப்பட்டனர். அதே ஆண்டு ஜூனில், போதிய ஆதாரம் இல்லாத நிலையில், நீதிமன்றம் அவர்களை அக்கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அவருடைய உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. எனினும், உடல் என்னவாயிற்று என்பது பற்றி அன்று பரவிய கொடூரமான விவரம் ஒன்றே அந்த வழக்கின் பெயராகிப் போனது. நீதிமன்றத்தில் ஒருபோதும் நிலைநாட்டப்படாத அந்த விவரத்தை, நடந்து முடிந்த உண்மைபோல் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லித் தருகிறோம். அதை நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஒரு மனிதருடைய வாழ்வையும் மறைவையும் அருவருப்பூட்டும் ஒற்றை வரியாகச் சுருக்கியதில் நம் எல்லோருக்கும் பங்கிருக்கிறது.

அந்த 6 பேருக்கும் கிடைத்த விடுவிப்பு, குற்றமற்றவர் என்ற விடுதலைக்கு ஈடாகாத வகையைச் சேர்ந்தது. பின்னாளில் புதிய ஆதாரம் கிடைத்தால் அரசுத் தரப்பு மீண்டும் குற்றஞ்சாட்ட அதில் இடமுண்டு. இதைச் சிலர் "தப்பித்துவிட்டார்கள்" என்றும், வேறு சிலர் "குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்றும் விளங்கிக்கொள்கிறார்கள். இரண்டுமே அந்த உத்தரவில் இல்லாதவை. ஒருவரைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்காத வரையில், அவரைக் குற்றவாளி என்று எழுத நமக்கு எந்த உரிமையும் இல்லை.

மரண விசாரணை குறித்தும் இதுபோன்ற குழப்பம் உண்டு. மரண விசாரணை நீதிமன்றம் ஒருவர் எப்படி, எந்தச் சூழலில் இறந்தார் என்று ஆராயுமே தவிர, அதற்கு யார் பொறுப்பு என்று தீர்ப்பு வழங்காது. காணாமற்போன ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லையெனில் அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் அனுமானிக்க இடமுண்டு. சொத்து, மறுமணம் போன்றவற்றுக்குக் குடும்பத்தார் அதை நாட வேண்டியிருக்கலாம். அதை வைத்து அவர்களுக்கு ஏதோ தெரியும் என்று பேசுவது கொடுமை.

குடும்பத்தாரின் முகத்தையும் நடத்தையையும் வைத்து முடிவெடுப்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை தரும் தவறு. "பெற்ற தாய் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையே" என்ற பேச்சு நம்மிடையே எத்தனை எளிதாக எழுகிறது! அதிர்ச்சியில் உறைந்துபோகிறவர் உண்டு. மருந்தின் மயக்கத்தில் பேசுகிறவர் உண்டு. செய்தியாளர்முன் என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று விசாரணை அதிகாரியால் அறிவுறுத்தப்பட்டவரும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் லங்காஷியர் பகுதியில், ஆற்றங்கரையில் நாயுடன் நடக்கச் சென்ற ஒரு தாய் காணாமற்போனபோது, எங்கிருந்தோ வந்த பலர் அந்தச் சிற்றூரில் படம் பிடித்துத் திரிந்தனர். அவருடைய துணைவர்மீது இணையத்தில் பழி சுமத்தினர். மூன்று வாரங்களுக்குப் பின் அதே ஆற்றில் அவர் உடல் கிடைத்தது. தவறி நீரில் விழுந்து மூழ்கினார் என்பதே மரண விசாரணையின் முடிவு.

பெயர் சொல்வது இன்னும் ஆபத்தானது. 2013ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின், காணாமற்போயிருந்த ஒரு மாணவரைக் குண்டு வைத்தவர் என்று இணையவாசிகள் அடையாளம் காட்டினர். அவரைத் தேடிக் குடும்பத்தார் நடத்திவந்த பக்கத்தில் வசைகள் குவிந்தன. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சில நாள்களில் அவர் சடலமாக மீட்கப்பட்டார். சிங்கப்பூரில், தொல்லை தரும் நோக்கத்துடன் ஒருவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது 2020ஆம் ஆண்டிலிருந்து குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பெயரைத் தவிர்த்துவிட்டுப் புளோக் எண்ணையும் வேலையிடத்தையும் குறிப்பிட்டாலும் அடையாளம் வெளிப்பட்டுவிடும். வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போது அதன் முடிவை முன்கூட்டியே தீர்மானித்து எழுதுவது நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

"பகிர்வதால் நன்மைதானே" என்பார்கள். உண்மையாகவே ஏதேனும் தெரிந்தவருக்கு வழி இருக்கிறது: 1800-255-0000 என்ற காவல்துறை நேரடித் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். அழைக்குமுன், கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று தனித்தனியே எழுதிக்கொள்வது நல்லது. நாள், நேரம், இடம் ஆகியவற்றில் உறுதியில்லாதவற்றை உறுதியில்லை என்றே சொல்ல வேண்டும். அதைக் குழுக்களில் முதலில் பேசிவிட்டால், மற்றவர் நினைவுகளோடு நம் நினைவும் கலந்து, சாட்சியத்தின் மதிப்பு குறைந்துவிடும். குடும்பத்தாரிடம் நேரடியாகத் தொலைபேசியில் கூறவே கூடாது. பல ஆண்டுகளாக ஒவ்வோர் அழைப்பையும் நம்பிக்கையோடு எடுத்து ஏமாந்தவர்கள் அவர்கள். நம் தகவல் உண்மைதானா என்று சரிபார்க்கும் சுமை அவர்களுடையது அல்ல.