மூன்றாவது திரையில் படம் வந்த கதை

திருகோணமலை உவர்மலை வீட்டில் மூன்று 21.5 அங்குல மொனிற்றர்களை வரிசையாக வைத்து, கார் ஓட்டும் கேம் விளையாட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழைய ரேடியன் எச்.டி. 5770 கிராபிக்ஸ் கார்ட் (கணினியில் திரைக்குப் படம் அனுப்பும் பலகை) ஒன்று கைக்கு வந்தது. பல திரைகளை ஒரே திரைபோல் இணைக்கும், 2009இல் அறிமுகமான ஐஃபினிட்டி வசதி அதில் உண்டு. இரண்டு திரையில் உடனே படம் வந்தது. மூன்றாவது கறுப்பாகவே கிடந்தது.

கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கடல் கிட்ட, உப்புக்காற்றில் பின்களில் களிம்பு பிடிக்கும். துடைத்தேன், மாற்றினேன், பலனில்லை. மூன்றாவது திரையின் டிவிஐ கேபிளைக் கார்டின் டிஸ்ப்ளேபோர்ட் துளையில் மாட்ட ஓர் இணைப்பி, அதாவது அடாப்டர், போட்டிருந்தேன். தம்பிதான் கேட்டான்: "அண்ணா, இந்த அடாப்டர் அக்டிவா, பசிவா?"

அங்கேதான் சிக்கல். டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் மூன்றும் திரைக்குப் படம் அனுப்பும் இணைப்பு வகைகள். டிவிஐ, எச்டிஎம்ஐ சிக்னலுக்கு நேரத்துடிப்புக் கொடுக்கும் கடிகாரச் சுற்றுகள் கார்டில் இரண்டுதான் உள்ளன. மூன்றாவது திரை டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் போக வேண்டும். பசிவ் அடாப்டர் சிக்னலை மாற்றாது. கார்டிடமே டிவிஐ சிக்னல் கேட்கும். அக்டிவ் அடாப்டர் தானே மாற்றிக் கொடுக்கும். அதை வாங்கி மாட்டியதும் மூன்று திரையும் சேர்ந்து 5760×1080 பிக்சல் படம் வந்தது. அந்த இரவு நான் தூங்கவே இல்லை!

ஆனால் கேமில் வரும் பாதை, மொனிற்றர்களின் விளிம்புச் சட்டம் வரும் இடத்தில் ஒடிந்து தெரிந்தது. அடிமட்டத்தால் அளந்தேன்: பக்கத்துப் பக்கத்துத் திரைகளின் இரண்டு சட்டமும் சேர்ந்து 34 மில்லிமீற்றர். ஒரு பிக்சல் ஏறக்குறைய கால் மில்லிமீற்றர், ஆகவே 136 பிக்சல் அளவு. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் சட்ட இடைவெளியைத் திருத்தும் பகுதிக்குப் போய், சாய்கோடுகள் நேராகச் சேரும்வரை நகர்த்தினேன். இப்போது தெருவோரக் கம்பிவேலி ஒடியாமல் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து, அடுத்த திரையில் வெளியே வருகிறது.