மூடியபின் தெரியாத உட்புறம்: 1/72 பி-17 மாடலில் எதைச் செய்வது, எதை விடுவது

விமான மாடலின் உடற்பகுதி இரண்டு பாதிகளாக வரும். அவற்றை ஒட்டி மூடிவிட்டால், உள்ளே வைத்ததில் பெரும்பங்கு பிறகு யார் கண்ணிலும் படாது. அப்படியானால் உள்ளே எவ்வளவு வேலை செய்யலாம்? இதைக் கிட்டின் (ஒட்டிச் செய்ய வேண்டிய பாகங்களின் பெட்டி) வழிகாட்டித் தாளோ கடையில் விற்கும் கூடுதல் பாகங்களோ முடிவு செய்யக்கூடாது. மாடலில் எத்தனை திறப்புகள் உள்ளன, எந்தக் கோணத்தில் பார்க்கப்போகிறோம், உள்ளே எவ்வளவு வெளிச்சம் நுழைகிறது என்ற மூன்றும்தான் முடிவு செய்ய வேண்டும். ஒட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் விடை கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக போயிங் பி-17ஜி. 10 பேர் பறந்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம். 1/72 அளவில், அதாவது உண்மையில் 72இல் ஒரு பங்கில், இறக்கை முனைக்கு முனை ஏறத்தாழ 44 செ.மீ., ஆள் உயரம் 25 மி.மீ. மூக்கு, கூரை, பக்கவாட்டு, அடிவயிறு, வால் என எல்லாப் பக்கமும் திறப்புள்ள விமானம் என்பதால், உட்புற வேலையில் நேரத்தை வீணாக்க இதைவிட வசதியான கிட் கிடையாது.

டேப் சோதனை

மாஸ்கிங் டேப்பை 10 மி.மீ. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் பெரிதாக ஓர் எண் எழுதுங்கள். இடது உட்சுவர், வலது உட்சுவர், தரை, தடுப்புச் சுவர்கள் எல்லாவற்றிலும் வரிசையாக ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கின் மேல் நேரடியாக பர்மனெண்ட் மார்க்கரால் எழுத வேண்டாம். அந்த மை பின்னால் பூசும் வண்ணத்தை ஊடுருவி மேலே வரும். இரு பாதிகளையும் டேப்பால் சேர்த்துக் கட்டி, கண்ணாடிப் பாகங்களையும் ஒட்டாமல் அவற்றின் இடத்தில் பொருத்துங்கள்.

மாடல் எந்த அலமாரியில் நிற்கப்போகிறதோ அந்த உயரத்தில் வைத்து, முதலில் அறை வெளிச்சத்தில் மட்டும் பாருங்கள். தெரியும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து சிறிய டார்ச் அடித்துப் பாருங்கள். அறை வெளிச்சத்திலேயே தெரிந்த இடங்களுக்கு முழு வேலை. டார்ச்சுக்கு மட்டும் தெரிந்தவற்றுக்குச் சரியான நிறமும் பெரிய உருவங்களும் போதும். டார்ச்சுக்கும் தெரியாத இடத்தில் கறுப்பு வண்ணம் ஒரு பூச்சு, அவ்வளவுதான். கறுப்பைத் தவிர்க்காதீர்கள்: மெல்லிய பிளாஸ்டிக் வழியே வெளிச்சம் கசிவதை அது தடுக்கும்.

இந்தச் சோதனையில் எல்லோருக்கும் தெளிவாகிற ஒன்று உண்டு. ஜன்னல் வழியே தெரிவது எதிர்ச்சுவர். இடது ஜன்னலில் குனிந்தால் வலது சுவரின் விலா எலும்புகள் (உடற்பகுதியைத் தாங்கும் சட்டங்கள்)தான் தெரியும். இடது ஜன்னலை ஒட்டிய சுவர் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணில் படவே படாது. மாடலின் ஒரு பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்துதான் நிற்கும் என்றால், பக்கவாட்டு ஜன்னல் பகுதியில் வேலை பாதியாகக் குறைகிறது.

பி-17இல் இடம் இடமாக

மூக்கு: இங்கே கஞ்சத்தனம் கூடாது. முன்கண்ணாடி பெரியது, பக்க ஜன்னல்கள் வழியேயும் வெளிச்சம் பாயும். நடுவில் நார்டன் குண்டுக் குறிகருவி, அதன் பின்னால் இருக்கை, வலப்பக்கம் தாடைத் துப்பாக்கிக் கூண்டை (மூக்குக்கு அடியில் உள்ளது) இயக்கும் கைப்பிடி, இடப்பக்கம் வழிகாட்டி அதிகாரியின் மேசை. இவை நான்கும் தெளிவாகத் தெரியும். மேசை மேல் ஒரு வரைபடத் துண்டு வைத்தால் அதுவும் தெரியும்.

காக்பிட்: மேலிருந்து பார்க்கிறோம். ஆகவே இருக்கைகளின் மேற்பாதி, பெல்ட்கள், நடுவிலுள்ள த்ராட்டில் பெட்டி, ஸ்டியரிங் ஆகியவற்றுக்கு நேரம் செலவிடுங்கள். இரண்டு அங்குல பெல்ட் 1/72இல் 0.7 மி.மீ. அகலம், வண்ணம் பூசிய மாஸ்கிங் டேப்பைக் கீற்றாக வெட்டினாலே போதும். மிதிகட்டைகளைத் தேடி எவரும் கண்டுபிடிக்க முடியாது.

குண்டறை: கதவு மூடியே இருக்குமென்றால் முழுவதும் விட்டுவிடலாம். திறந்து வைப்பதாக இருந்தாலும், மாடலைக் கையில் எடுக்காமல் அடிவயிற்றைப் பார்க்க முடியாது. கீழே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக் காட்டப்போகிறவர்கள் மட்டும் இதில் இறங்கலாம்.

ரேடியோ அறையில் கூரைத் திறப்புக்கு நேர் கீழே உள்ள தரையும் மேசை விளிம்பும் தவிர மற்றவை இருட்டு. நாற்காலியும் ஒரு ரேடியோப் பெட்டியும் போதும்.

பக்கத் துப்பாக்கி ஜன்னல்கள்: தொடக்ககால ‘ஜி’ விமானங்களில் இவை திறந்தவை, நேருக்கு நேர் அமைந்தவை. பிற்காலத்தவை கண்ணாடியால் மூடப்பட்டு, ஒன்றுக்கொன்று தள்ளி வைக்கப்பட்டவை. எந்த விமானத்தைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே உள்ளே தெரிவதும் மாறும். திறந்த வகையானால் எல்லாவற்றுக்கும் முன் ஜன்னல் விளிம்பைக் கவனியுங்கள். 1.2 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் உண்மை அளவில் ஏறத்தாழ 9 செ.மீ. தகடு! உட்புறமிருந்து சரிவாகச் சுரண்டி விளிம்பை 0.3 மி.மீ. ஆக்குங்கள். உள்ளே பத்துப் பெட்டிகள் வைப்பதைவிட இந்த ஒரு வேலை மாடலை உண்மையாகக் காட்டும். பிறகு எதிர்ச்சுவரில் 0.25 × 0.5 மி.மீ. பிளாஸ்டிக் பட்டிகளால் விலா எலும்புகள். கிட்டில் இடைவெளி தரப்படவில்லையென்றால், வெளிப்பக்கத்து ரிவெட் வரிசைகளைப் பின்பற்றுங்கள்; சட்டங்கள் பெரும்பாலும் அவற்றின் நேராகத்தான் இருக்கும்.

வால் துப்பாக்கியாளர் அறைக்குக் கறுப்பு வண்ணமே போதும்.

நிறம்

பி-17இன் பின்பகுதி உட்புறம் பெரும்பாலும் வண்ணம் பூசாத அலுமினியம், தரை ஒட்டுப்பலகை. எல்லாவற்றையும் பச்சையாக அடிப்பது பரவலான தவறு. மூடியபின் உள்ளே வெளிச்சம் குறைவதால் எந்த நிறமும் இன்னும் கருமையாகத் தோன்றும். ஆகவே உட்புற வண்ணத்தில் நான்கில் ஒரு பங்கு வெள்ளையோ வெளிர்ச்சாம்பலோ கலந்து பூசுங்கள். விளிம்புகளில் உலர்தூரிகை வெளிச்சம் (வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்த தூரிகையால் மேடுகளில் வெளிர்நிறம் தடவுவது) வழக்கத்தைவிடத் தூக்கலாக இருக்கட்டும். மேசைமேல் மிகையாகத் தெரிவதுதான் உள்ளே போனபின் அளவாக இருக்கும். மஞ்சள் ஆக்சிஜன் சிலிண்டர் போன்ற ஒரு பளிச்சென்ற பொருள் உள்ளே ஓரிடத்தில் இருந்தால் கண் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

மூடும்போது கெடுவது

கூடுதல் பாகங்களாக விற்கும் ரெசின் (வார்ப்புப் பிசின்) பக்கச்சுவர்களைச் சேர்த்தால் உடற்பகுதி மூடாமல் திமிறும். இடுக்கியால் அழுத்தி ஒட்டினால் அப்போதைக்கு நிற்கும். சில வாரங்களில் மேல் இணைப்பு வாய் பிளக்கும். தடுப்புச் சுவர்களையும் தரையையும் ஓரங்களில் 0.2 மி.மீ. வீதம் தேய்த்து, விரல் அழுத்தமில்லாமலே மூடும்வரை திரும்பத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். போட்டிக்கு அனுப்புகிறவர்கள் இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். நடுவர்கள் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பார்கள், உண்மை. ஆனால் இணைப்புக் கோடும் இறக்கைகள் நேராக நிற்பதும்தான் முதலில் பார்க்கப்படும். தெரியாத ரேடியோவுக்காக முதுகில் ஒரு பிளவை வாங்கிக்கொள்வது நட்டம்.

மூடுவதற்கு முன் உட்புறத்தை மென்தூரிகையால் துடைத்து, தலைகீழாகத் தட்டுங்கள். உள்ளே சிக்கும் ஒரு பிளாஸ்டிக் சீவல் நேராகக் கண்ணாடி மூக்கில் வந்து உட்காரும்; பிறகு எடுக்க வழியில்லை. கண்ணாடிப் பாகங்களின் அருகில் சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். நீர்மையான சிமெண்டை (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) பயன்படுத்தும்போது மூக்கில் தொடங்கி 4, 5 செ.மீ. வீதம் ஒட்டுங்கள், ஒரேயடியாக ஓடவிட்டால் அது தடுப்புச் சுவர் வழியே உள்ளே ஏறி வண்ணத்தைக் கரைக்கும். துப்பாக்கிக் குழல்களை வெட்டி வைத்துக் கடைசியில் பொருத்துங்கள்.

எடை

பி-17 வால் சக்கரத்தில் நிற்பதால் இந்தக் கவலை இல்லை. ஆனால் பி-24, பி-25 போன்ற மூக்குச் சக்கர விமானங்களில் பின்பகுதியில் சேர்க்கும் ஒவ்வொரு ரெசின் பாகமும் மாடலை வால் மேல் உட்கார வைக்கும். ஈடு செய்ய முன்னால் ஈயம் வேண்டும். கண்ணாடி மூக்கில் அதை ஒளிக்க இடமில்லை. காக்பிட் தரைக்கு அடியிலும் எஞ்சின் கூடுகளின் முன்பகுதியிலும் தூண்டில் ஈயக்குண்டுகளை நசுக்கி வையுங்கள். ஒட்டுவதற்கு எபாக்சி மட்டுமே. வெள்ளை மரப்பசை ஈயத்தோடு வினைபுரிந்து, ஆண்டுகள் கழித்து ஈயம் உப்பி உடற்பகுதியையே பிளந்துவிடும்.

எல்லாவற்றையும் செய்தே தீருவேன் என்பவருக்கு

அதில் தவறே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்வதே பெரிய மகிழ்ச்சி. அப்படியானால் 1/48க்குப் போங்கள். ஆள் உயரம் 37 மி.மீ. ஆகிறது, ஜன்னல்களும் அதே விகிதத்தில் பெரிதாகின்றன. ரேடியோ அறைக் கூரைக் கண்ணாடியை ஒட்டாமல் கழற்றக்கூடியதாக வைக்கலாம். எதுவானாலும் மூடுவதற்கு முந்திய நாள் இரு பாதிகளையும் பக்கம் பக்கமாக வைத்து, பகல் வெளிச்சத்தில், அருகில் ஓர் அளவுகோலுடன் படமெடுத்து வையுங்கள். மாடல் அலமாரியில் நிற்கும்போது அந்தப் படத்தை அதன் அடித்தளத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம்.