ரிவெர்ப் பெட்டி வாங்கும் முன்

கீழ்மாடித் தம்பி போன வாரம் வந்து கேட்டான்: "அண்ணா, கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. ரிவெர்ப் பெட்டி ஒன்று வாங்கட்டுமா, இல்லை கணினியிலேயே சமாளிக்கலாமா?" ரிவெர்ப் என்பது, பெரிய மண்டபத்தில் பாடினால் ஒலி சுவர்களில் பட்டுச் சற்று நேரம் நீடிக்குமே, அந்த விளைவு; அதைப் பதிவில் செயற்கையாகவும் சேர்க்கலாம். அவன் கிற்றார் வாசிக்கிறவன், தங்கை பாடுவாள். இருவரும் படுக்கையறையில்தான் ஒலிப்பதிவு செய்கிறார்கள். கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இப்படி எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். அந்த ரிவெர்பைக் காதில் கேட்டுக்கொண்டே வாசிக்கப் போகிறாயா, இல்லை வாசித்து முடித்த பிறகு சேர்க்கப் போகிறாயா? பிறகு சேர்ப்பதென்றால் மென்பொருளே போதும். பெட்டி ஒரு நேரத்தில் ஒரே அமைப்பைத்தான் தரும். நான்கு நிமிடப் பாட்டை அதற்குள் அனுப்பி எடுக்க நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். மென்பொருளைக் குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று எனத் திறந்து வைத்து, அடுத்த மாதமும் அதே அமைப்பை மீட்டெடுக்கலாம். 1957இல் வந்த ஈஎம்டி 140 என்ற இரும்புத் தகட்டு ரிவெர்ப் ஏறத்தாழ 270 கிலோ எடை. அந்தத் தகட்டின் ஒலியும், 1978இன் லெக்ஸிக்கன் 224 என்ற டிஜிட்டல் ரிவெர்ப் பெட்டியின் ஒலியும் இன்று பிளகின்களாக, அதாவது ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் சேர்க்கும் சிறு மென்பொருள்களாக, கிடைக்கின்றன.

ஆனால் எதை வாங்கும் முன்பும் அறையில் நின்று ஒரு கைதட்டுங்கள். சீமெந்துச் சுவரும் டைல் தரையும் உள்ள நம் அறைகளில் "டங்" என்று ஒரு குட்டை ஒலி திரும்பும். அது குரலோடு பதிவாகிவிட்டால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த ரிவெர்ப் சேர்த்தாலும் குளியலறைக்குள் நின்று பாடியதுபோலவே கேட்கும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், துணி நிறைந்த அலுமாரியைத் திறந்து விடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. கடற்கரை ரயில் போகும்வரை பொறுங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த வேலை. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் மண்டபத்தில் தேவாரம் கேட்டவர்களுக்குத் தெரியும், பாடி முடித்த சொல் கல்லில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று. கருங்கல் ஒலியை மிகக் குறைவாகவே உறிஞ்சும், அதனால்தான். ஓர் இடத்தின் அந்தக் குணத்தை ஒரே ஒரு வெடிச் சத்தத்தால் பிடித்துவிடலாம். எங்கள் தொடர்மாடிப் படிக்கட்டில் நான் அதைச் செய்தேன். அயலவர்களிடம் சொல்லிவிட்டு, முதலாம் மாடியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, மூன்றாம் மாடியில் பலூனை உடைத்தேன். சத்தம் படிப்படியாக இறங்கி ஓய்வது கம்பிப்பிடியில் வைத்த கையிலும் தெரிந்தது. வெடிப்புக்கு முன்னால் உள்ளதை வெட்டிவிட்டு, மீதியை ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் ரியாவெர்ப் என்ற பிளகினில் ஏற்றினேன். எந்தக் குரலையும் அந்த இடத்தில் பாடியதுபோல் அது கேட்கச் செய்யும். அந்தப் படிக்கட்டு இப்போது என் கணினிக்குள் இருக்கிறது.

எந்த ரிவெர்பானாலும் இரண்டு திருத்தங்களைத் தவறாமல் செய்கிறேன். குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையிலான முன்தாமதத்தை 20 முதல் 40 மில்லிவிநாடிக்குள் வைப்பேன். அது இல்லாவிட்டால் வல்லின எழுத்துகள் கரைந்து, "பட்டு" எது "பாட்டு" எது என்று மயங்கும். அடுத்து, ரிவெர்புக்குப் போகும் ஒலியின் அடிப்பகுதியை, அதாவது தாழ்ந்த அதிர்வெண்களை, வெட்டுவேன். லண்டன் அபே ரோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் 600 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000க்கு மேலேயும் வெட்டிய பிறகே எதிரொலி அறைக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி ஒலிக்கும் பாட்டில் இதைச் செய்து பாருங்கள், சேறு தெளிந்தாற்போல் இருக்கும்.

பாடும்போதே காதில் ரிவெர்ப் வேண்டும் என்பவர்கள் அதற்காக மட்டும் பெட்டி வாங்க வேண்டாம். வெறும் குரலை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்து நேராக ஹெட்ஃபோனுக்கு விடுங்கள். கணினியிலிருந்து ரிவெர்ப் மட்டும் வரட்டும், குரல் வரக்கூடாது. கணினியால் பத்துப் பதினைந்து மில்லிவிநாடி தாமதமானாலும் பாடுபவருக்கு அது இடறாது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இயல்பிலேயே பிந்தித்தானே வருகிறது.

கிற்றார் கதை வேறு. சுருள்கம்பி ரிவெர்பின் அந்தச் சொட்டும் ஒலியைக் கேட்டால் விரல் தானாகவே குறைத்து மீட்டும், இடைவெளி விடும். பெடல், அதாவது காலால் இயக்கும் சிறு ரிவெர்ப் பெட்டி, அங்கே வாத்தியத்தின் ஒரு பகுதி. அதற்குக் காசு செலவழிப்பது நியாயம். கிற்றாருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் மாட்டினால் வேலை முடிந்தது. பதிவான குரலையும் அதற்குள் அனுப்ப நினைத்தால்தான் சிக்கல். இரண்டு வெளியீடு மட்டுமுள்ள இன்டர்ஃபேஸில் அவை இரண்டையும் ஸ்பீக்கர்களே பிடித்துக்கொள்ளும், நான்கு வெளியீடாவது வேண்டும். பெடலுக்குப் போகும் ஒலியின் அளவையும் நன்றாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிசிறும்.

மின்சாரத்தைக் கட்டாயம் பாருங்கள். கனடாவிலிருந்து மாமா ஆசையோடு கொண்டுவந்த பெடலின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகிய சில விநாடிகளில் பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. நல்லவேளை, பெடல் தப்பியது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வேறு அடாப்டர் வாங்கினேன். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், அடாப்டர் செருகியின் நடுமுனை எதிர்மறை. பெடலின் பின்புறக் குறியைப் பார்த்தே வாங்குங்கள். கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பயன்படுத்தாத நேரத்தில் மூடிய டப்பாவில் வையுங்கள். உப்புக் காற்றில் செருகுமுனைகள் கறுத்து, கரகரக்கத் தொடங்கிவிடும்.

தம்பி பெடலை வாங்கினான். தங்கையின் குரலுக்கு எங்கள் படிக்கட்டின் கோப்பைக் கொடுத்துவிட்டேன்.