அலைபேசியில் தொழில் பேசும்போது அக்கம்பக்கத்தார் பதறாமல் இருக்க

"கழுத்தை இன்னும் கொஞ்சம் எறக்கி வெட்டு, கை ரெண்டும் வேணாம், எடுத்துடு" என்று தையற்கடைக்காரர் ஒருவர் பேருந்தில் அமர்ந்து அலைபேசியில் சொன்னால், கடையில் கத்தரிக்கோலுடன் நிற்பவருக்கு அது ரவிக்கை பற்றிய குறிப்பு. முன் இருக்கைக்காரருக்கோ அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடலாமா என்ற யோசனை.

எழுவாயையும் செயப்படுபொருளையும் விட்டுவிட்டே தமிழில் முழு வாக்கியம் பேசிவிட முடியும் என்பதாலும், எதிர்முனையின் பேச்சு வெளியே கேட்காது என்பதாலும், விடுபட்டதைக் கேட்பவர் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார். காதை மூடிக்கொள்ளலாமே என்றால் அதுவும் எளிதன்று. இருவர் உரையாடலை முழுதாகக் கேட்பதைவிட ஒருவர் பேச்சை மட்டும் கேட்பதே கவனத்தை அதிகம் சிதறடிக்கிறது என்று, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

ஆகவே, பொது இடத்தில் பேசும்போது பொருளின் பெயரை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். "பச்சை ரவிக்கைக்குக் கழுத்தை இறக்கு" என்றால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வெட்டு, தூக்கு, முடி, போடு ஆகிய வினைகளைப் பெயரின்றித் தனியே விடாதீர்கள். "மந்திரியைத் தூக்கிட்டேன், நாளைக்கு வரமாட்டார்" என்று பத்திரிகை உதவி ஆசிரியர் சொல்வது செய்தியை நீக்கியதைத்தான் என்பது அவருடைய அலுவலகத்துக்கு மட்டுமே தெரியும். எல்லோரையும்விட ஆபத்தான நிலையில் இருப்பவர்கள் தொலைக்காட்சித் தொடர் எழுதுபவர்கள். "அண்ணியை வெள்ளிக்கிழமை சாகடிச்சிடலாம், விஷம் வேண்டாம், மாடிப்படி போதும்" என்பதை ரயில் பெட்டியில் எந்தக் குரலில் சொன்னாலும் தப்ப முடியாது. முதலில் 'எபிசோட்' என்ற சொல்லை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அண்ணியிடம் போக வேண்டும்.

ஏற்கெனவே பார்வைகள் உங்கள் மேல் திரும்பிவிட்டால், "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று விளக்கத் தொடங்காதீர்கள். அது சந்தேகத்தை உறுதிப்படுத்தும். அழைப்பைத் துண்டிக்காமல், "ஊக்கு வைத்து, இஸ்திரி போட்டு நாளைக்குக் கொடுத்துவிடு" என்பதுபோல் தொழில் விளங்கும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால் போதும்.

கேட்பவராக இருந்தால், ஒரு பெயர்ச்சொல் வரும்வரை பொறுத்திருங்கள். உண்மையாகவே சதி செய்பவர் இவ்வளவு சத்தமாகப் பேசுவாரா என்றும் எண்ணிப் பாருங்கள். விமான நிலையச் சோதனை வரிசையில் மட்டும் இந்த உத்திகள் எதையும் நம்ப வேண்டாம். விளக்கி முடிப்பதற்குள் விமானம் கிளம்பிவிடக்கூடும் என்பதால், அண்ணியின் சாவை ஊர் போய்ச் சேர்ந்தபின் பேசிக்கொள்ளலாம்.