மசோதா வந்த பிறகு ஓடாதீர்கள்

போன ஞாயிறு சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கோப்பிக்கடை. பக்கத்து மேசையில் மூன்று இளம் தொண்டூழியர்கள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மசோதாவுக்கு எதிராகக் கையெழுத்து மனு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். நாடாளுமன்றத்தில் அதன் மீது விவாதம் நடக்கும் இரண்டாம் வாசிப்பு எப்போது என்று கேட்டேன். "அடுத்த வாரம் அண்ணே." எனக்கு வயிறு எரிந்தது. இதே கூத்தை நானும் ஆடியிருக்கிறேன். நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இவை.

தாக்கலான பிறகு புறப்படுவது

முதல் வாசிப்பில் தலைப்பை மட்டும்தான் வாசிப்பார்கள், விவாதம் கிடையாது. அப்புறம் இரண்டாம் வாசிப்பு, குழு நிலை, மூன்றாம் வாசிப்பு, பல நேரம் எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை, மேலே கொறடா. மசோதாவை ஆராயும் உறுப்பினர்களின் தெரிவுக்குழுவுக்குப் போனால் ஒழிய, அந்த நேரத்தில் ஒரு வரியை மாற்றுவது அபூர்வம். மாற்றக்கூடிய காலம் அதற்கு முன்னாலேயே, அமைச்சு கருத்துக் கேட்கிறபோதும், முத்தரப்புப் பேச்சில் தொழிற்சங்கமும் முதலாளிகள் சம்மேளனமும் உட்கார்ந்திருக்கிறபோதும், சத்தமில்லாமல் போய்விடுகிறது.

எங்கள் குழு அன்று சம்பளம் பற்றிய ஒரு திருத்தத்துக்காக மூன்று வாரம் தூங்காமல் கையெழுத்துச் சேர்த்தது. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் வரிசையில் நின்று கொடுத்தோம். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "இதை நான்கு மாதம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே" என்றார். எங்கள் தாளிலிருந்து ஒரு கேள்வியை அவையிலும் கேட்டார், அமைச்சர் பதில் சொன்னார், மசோதா நிறைவேறியது. பிறகு மின்னஞ்சலைத் துழாவினால், அமைச்சின் கருத்துக்கேட்பு அழைப்பு தடித்த எழுத்தில், திறக்கப்படாமலே கிடந்தது. இன்றைக்கும் நினைத்தால் கடுப்பாக இருக்கிறது.

பணிப்பெண்களின் வார விடுப்பைப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்காகக் குரல் கொடுக்கும் டிடபிள்யூசி2 போன்ற அமைப்புகள் 2008இல் பிரசாரம் தொடங்கின. 2011இல் அப்போதைய துணை அமைச்சர் ஹலிமா யாக்கோப் வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார், 2012இல் அறிவிப்பு வந்தது, 2013 ஜனவரி 1 முதல் நடப்பு. அதுவும் தனிச் சட்டமாக அல்ல, வேலை அனுமதி நிபந்தனையாக வந்தது. ஐந்து வருடம் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரே கடிதத்தை ஐம்பது பேர் அனுப்புவது

ஒரு கடிதமாகத்தான் எண்ணுவார்கள்.

எதிர்த்தரப்பு தூங்குகிறது என்று நினைப்பது

2023இல் வெளிநாட்டு ஊழியர்களை லாரியின் பின்பகுதியில் ஏற்றிச் செல்வதை நிறுத்தச் சொல்லிப் பல குழுக்கள் அறிக்கை விட்டன. சில நாளில் வர்த்தகச் சங்கங்கள் கூட்டாகப் பதில் சொல்லின: உடனே தடுத்தால் செலவு, நெரிசல், திட்டங்கள் தாமதம். லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நம்மிடம் நியாயம் இருந்தது. அவர்களிடம் அமைச்சு கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் இருந்தது. மாற்று வண்டிக்கு யார் பணம் கொடுப்பது, எத்தனை ஆண்டு அவகாசம் என்று நாமே எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அமைச்சரையே பிடிக்கப் பார்ப்பது

வரைவை எழுதும் அதிகாரியின் பெயர் தெரியுமா உங்களுக்கு?

சரி, அந்த மூவருக்கு வருவோம். மனுவை விட்டுவிடச் சொன்னேன். சட்டம் நிறைவேறினாலும் விதிமுறைகளை அமைச்சு அதற்குப் பிறகுதான் வெளியிடும், கட்டணம், படிவம், காலக்கெடு எல்லாம் பெரும்பாலும் அதில்தான் வரும், அதற்கு இப்போதே ஒரு பக்கம் எழுதுங்கள் என்றேன். "எந்தப் பிரிவு அண்ணே?" என்றாள் ஒருத்தி, மசோதாவைத் திறந்துகொண்டே. இன்னொரு தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், சொல்லிவிட்டு நாற்காலியை அவர்கள் மேசைக்கு இழுத்துப் போட்டேன்.