இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வேன் கிளட்ச் மாற்றியது

போன வருடக் கடைசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் என் வேனின் கிளட்ச் போனது. விடியற்காலையில் சிங்கப்பூர் தேக்காவில் வாழை இலையும் பூவும் ஏற்றிக்கொண்டு ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கோயில்களுக்கும் போடுவதுதான் என் பிழைப்பு. வண்டி ஓடாத நாளில் வருமானம் கிடையாது. மனைவிக்கு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, அவள் சம்பளமும் நின்றிருந்தது. வொர்க்ஷாப்பில் 1,250 வெள்ளி கேட்டார்கள். வங்கியில் இருந்தது 430 வெள்ளி. அவர்கள் கேட்டது நியாயமான கூலிதான், ஒரு நாள் முழுக்க இரண்டு பேர் பார்க்கிற வேலை. என்னிடம் காசு இல்லை, அவ்வளவுதான்.

அதனால் நானே மாற்றினேன். எங்கள் பக்கத்து புளோக்கில் இருக்கும் மாமா, முன்பு பேருந்து டிப்போவில் ஃபிட்டராக இருந்தவர், கூட வந்து வழி சொன்னார். ஐடிஇ தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் மகன் விளக்குப் பிடித்தான். என்னைப் போல இடமும் இல்லாமல் காசும் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வண்டி பின்சக்கரத்தில் ஓடும் பழைய ஜப்பான் டீசல் வேன், எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். முன்சக்கரத்தில் ஓடும் காருக்கு இந்த வழி பொருந்தாது.

முதலில் கிளட்ச்தான் போயிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நாலாவது கியரில் மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் பிளேட் (எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் தட்டு) வழுக்குகிறது. நிறுத்தி வைத்தும் பார்க்கலாம். ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் தேய்ந்துவிட்டது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், மிச்சமிருப்பதும் எரிந்துவிடும். பெடலில் கொஞ்சமாவது ஃப்ரீ பிளே (கிளட்சைத் தொடும் முன் உள்ள தளர்வு) இருக்கிறதா என்றும் பாருங்கள். பெடல் சரியாக மேலே வராததால் கிளட்ச் பாதி மிதித்த நிலையில் நின்று வழுக்குவதும் உண்டு. அது வெறும் அட்ஜஸ்ட்மென்ட், செலவே இல்லை.

அடுத்தது இடம். வீவக (அரசு அடுக்குமாடி வீட்டுக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். அங்கே ரிப்பேர் வேலை பார்க்க அனுமதி இல்லை, கியர்பாக்ஸைக் கழற்றிய பிறகு வண்டியை எடுக்கச் சொன்னால் எங்கே போவீர்கள்? எனக்குச் சுங்கை காடுட்டில் ஒரு மரக்கடை தவுக்கே (முதலாளி) பழக்கம். அவர் கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டித்தான் கிடக்கும். லாரி வந்து நிற்கும் சிமெண்ட் தளம் சமமாக இருக்கிறது, மேலே தகரக் கூரையும் உண்டு. நேரில் போய்க் கேட்டேன். "அங்கிள், இரண்டு ஞாயிறு மட்டும். ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தரையில் இருக்காது" என்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி உள்ளே வரும்போது வழியில் எதுவும் கிடக்கக்கூடாது.

அந்த நிபந்தனையை வைத்துத்தான் முழு வேலையையும் திட்டமிட்டோம். கிளட்ச் பிளேட் அழுந்தி நிற்கும் எஞ்சின் சக்கரமான பிளைவீலைக் கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டி வரும், ஞாயிறன்று பட்டறை திறக்காது. ஆகவே முதல் ஞாயிறு கழற்றுவது, வார நாட்களில் பட்டறை, இரண்டாவது ஞாயிறு மாட்டுவது. நடுவே ஆறு நாளும் வண்டி ஓரமாக நிற்க வேண்டும், தேவைப்பட்டால் தள்ளவும் முடிய வேண்டும். கியர்பாக்ஸ் இல்லாவிட்டாலும் நாலு சக்கரமும் தரையில் இருந்தால் வண்டி உருளும். இரவல் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் மறக்கக்கூடாத விஷயம் இது. இருட்டும் நேரத்துக்கு வண்டி எந்த நிலையில் இருக்கும், அந்த நிலையில் நகருமா என்று யோசித்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுங்கள்.

சாமான் வாங்க ஜாலான் புசார் பக்கம் போனேன். சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் விட்டம் மாறிய பிளேட் கைக்கு வரும். பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்த செட் 230 வெள்ளி. எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் 18. கியர் ஆயில் 36. பிறகு பிளைவீல் கடைசலுக்கு 60. மொத்தம் 344 வெள்ளி. சீல் கசியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பிறகு அது கசிந்தால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும், புதுப் பிளேட்டிலும் எண்ணெய் இறங்கிவிடும்.

கருவிகள் எல்லாம் இரவல்தான். ட்ராலி ஜாக்கி ஒன்று, ஆக்சில் ஸ்டாண்ட் இரண்டு, 12, 14, 17 சாக்கெட்டுகள், நீளமான எக்ஸ்டென்ஷன், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச். படுக்க ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தோம்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஒரு நிமிடத்துக்கும் வேண்டாம். ஓட்டை வைத்த சிமெண்ட் கல்லையும் முட்டுக் கொடுக்காதீர்கள். அது எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். நாங்கள் இருந்தது மரக்கடை என்பதால் தவுக்கே கனமான கட்டைகளைக் கொடுத்தார். இரண்டு கட்டை நெடுக்காக, அதன்மேல் இரண்டு குறுக்காக என்று அடுக்கி, ஒவ்வொரு மூலையாக ஜாக்கியால் தூக்கி, நாலு சக்கரத்தையும் அந்த அடுக்கின்மேல் உட்கார வைத்தோம். ஒன்றேகால் அடி உயரம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்தோம். அப்புறம் மாமா தோளைக் கொடுத்து வண்டியைப் பலமாக உலுக்கினார். அசையவில்லை. அதற்குப் பிறகுதான் என்னை உள்ளே போகவிட்டார்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட் வருகிறது, ஸ்பேனர் பட்டால் தீப்பொறி பறக்கும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் பிராப்பல்லர் ஷாஃப்ட்டின் போல்ட்டுகள் நாலும் கைக்கு எட்ட ஷாஃப்ட்டைத் திருப்ப வேண்டியிருக்கும். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஒரு விரல் உயரம் தூக்கி, ஆக்சிலுக்கு ஸ்டாண்ட் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை விட்டால் கையாலேயே திருப்பலாம். போல்ட் இளகியதும் சக்கரத்தை இறக்கி ஹேண்ட்பிரேக்கை மறுபடி இழுங்கள். ஷாஃப்ட் வெளியே வந்த பிறகு கியர் போட்டு வைத்திருந்தாலும் வண்டி நிற்காது. ஹேண்ட்பிரேக்கும் ஆப்பும்தான் அதைப் பிடித்திருக்கின்றன. கழற்றும் முன் ஷாஃப்ட்டும் பின் ஆக்சிலின் ஃபிளேஞ்சும் (போல்ட் மாட்டும் வட்டத் தகடு) சேரும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். அதே கோட்டில் திரும்ப மாட்டாவிட்டால் வேகத்தில் வண்டி அதிரும். ஷாஃப்ட்டை உருவியதும் கியர்பாக்ஸின் வாலிலிருந்து எண்ணெய் கொட்டும். முன்கூட்டியே வடித்துவிடுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள்.

கியர்பாக்ஸைச் சுற்றியுள்ள போல்ட்டுகளின் நீளம் ஒரே மாதிரி இருக்காது. வாழை இலை வரும் அட்டைப்பெட்டியில் கியர்பாக்ஸின் வாயை வட்டமாக வரைந்து, எந்தப் போல்ட் எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்தில் அட்டையைத் துளைத்துச் சொருகி வைத்தேன். இரண்டாவது ஞாயிறு அந்த அட்டையைப் பார்த்தே எல்லாவற்றையும் போட்டேன்.

பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரை இரண்டு போல்ட்டில் கழற்றி, ஹோஸோடு அப்படியே ஓரமாகக் கம்பியால் கட்டிவிடலாம். ஹோஸைப் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் பெடலை மிதிக்கக்கூடாது. மழைக்கு ஒதுங்க மகன் ஓட்டுநர் சீட்டில் ஏறியபோது கால் பட்டுவிட்டது. பிஸ்டன் வெளியே தெறித்து விழுந்து, எண்ணெய் அட்டையெல்லாம் ஓடியது. திட்டவில்லை, நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதைத் துடைத்து மாட்டவும் பின்னால் ஹோஸில் புகுந்த காற்றை எடுக்கவும் ஒன்றரை மணி நேரம் போனது. பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் செருகி வைத்துவிடுங்கள், அது போதும்.

என் வண்டியின் கியர்பாக்ஸ் 40 கிலோவுக்கு மேல். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரைக் கழற்றும் முன் ஜாக்கியின் தலையில் பலகை வைத்து, அதோடு கியர்பாக்ஸைப் பட்டையால் கட்டிவிடுங்கள். எஞ்சினின் பின்பக்கத்துக்கும் தனியாக முட்டு வேண்டும், இல்லாவிட்டால் அது சாயும். இழுக்கும்போது நேராகப் பின்னோக்கி இழுங்கள். கியர்பாக்ஸுக்கு நேர் கீழே யாரும் படுக்கக்கூடாது. உள்ளே படிந்திருக்கும் கருப்புத் தூசியை ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். முகக்கவசம் போட்டு ஈரத் துணியால் துடையுங்கள்.

பிளைவீலில் நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் இருந்தன. சூட்டில் வருபவை. பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள். வெடிப்பு ஆழமாக இருந்தால் கடையச் சொல்லாதீர்கள், வேறு பிளைவீல்தான் தேட வேண்டும். அந்த வாரம் முழுக்க இலைக் கட்டைத் தள்ளுவண்டியில் வைத்து எம்ஆர்டியில் கொண்டு போனேன். பாதி வாடிக்கைதான் பார்க்க முடிந்தது.

மாட்டும் நாளில் புதுப் பிளேட்டில் எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். தலைகீழாகப் போட்டால் கிளட்ச் பிரியாது. பிளேட்டை நடுவில் நிறுத்த செட்டோடு ஒரு பிளாஸ்டிக் குச்சி வரும். எங்கள் பெட்டியில் அது இல்லை. மரக்கடையில் கிடந்த வட்டக் குச்சியைச் சீவி, டேப் சுற்றி, பிளைவீலின் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கின் அளவுக்கும் பிளேட் ஓட்டையின் அளவுக்கும் மாமா கொண்டுவந்தார். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று என்று இறுக்குங்கள். கடைசி இறுக்கத்துக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணைப் பார்த்து டார்க் ரெஞ்சை வையுங்கள். கியர்பாக்ஸ் தண்டின் பல் வரிசையான ஸ்ப்ளைனில் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும். கூடினால் சுழலும்போது பிளேட்டில் தெறிக்கும்.

கியர்பாக்ஸ் ஏறும் இடத்தில்தான் எல்லோருக்கும் பொறுமை போகிறது. எங்களுக்கு மதியம் மூன்று மணி, தகரத்தில் மழை அடிக்கிறது, ஒரு விரல் இடைவெளி மிச்சம், அதற்கு மேல் போகவே இல்லை. போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, காது உடைஞ்சிடும்" என்றார் மாமா. போல்ட்டால் இழுத்தால் ஒன்று கியர்பாக்ஸின் வாய் ஓரம் உடையும், இல்லை பிளேட்டின் நடுப்பகுதி வளையும். மாமா டார்ச்சை வாங்கி இடைவெளியைச் சுற்றிலும் பார்த்தார். மேலே ஒரு விரல், கீழே அரை விரல். அப்படியென்றால் வால் தாழ்ந்திருக்கிறது. ஜாக்கியை இரண்டு அழுத்து ஏற்றினார். கியரை நாலில் போட்டு, பின்னாலிருந்து கியர்பாக்ஸின் வால் பக்கத் தண்டைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். ஸ்ப்ளைன் பல் சேர்ந்து, கியர்பாக்ஸ் தானாக உள்ளே போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. உங்களுக்கும் அங்கே நின்றால் இடைவெளி சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சமமாகும் வரை சுத்தியலோ போல்ட்டோ வேண்டாம். கியர்பாக்ஸின் எடையைப் பிளேட்டில் தொங்கவிட்டு ஓய்வெடுக்கவும் வேண்டாம்.

மற்றதெல்லாம் கழற்றியதன் தலைகீழ்தான். கியர் ஆயில் ஊற்ற மட்டும் மறந்துவிடாதீர்கள். வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கிய பிறகு ஸ்டார்ட் செய்து, பெடலை மிதித்து, எல்லாக் கியரும் சத்தமில்லாமல் விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது குற்றம். சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்பிடிப்புப் பகுதி. சுங்கை காடுட்டுக்குப் பக்கத்திலேயே கிராஞ்சி நீர்த்தேக்கம். நாம் குடிக்கிற தண்ணீர் அது. பழைய எண்ணெய் டின்னில் ஊற்றி மூடி, பழக்கமான வொர்க்ஷாப்பில் கேட்டுக் கொடுத்தேன். அவர்களிடம் எடுத்துப் போக ஆள் வருகிறது. தளத்தைச் சோப்புத் தூள் போட்டுத் துடைத்து, கட்டைகளை இருந்த இடத்திலேயே அடுக்கினோம். திங்கள் காலை தவுக்கேக்கு இரண்டு கட்டு இலையும் கோப்பியும் கொண்டு போய்க் கொடுத்தேன்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாரம் குறைவாக ஏற்றுங்கள், கிளட்சில் காலை வைத்தபடி ஓட்டாதீர்கள். மூன்றாம் நாள் வண்டியை நிறுத்தும் இடத்தில் இரவு ஒரு அட்டையை அடியில் வைத்து, காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா பாருங்கள். என் வண்டிக்குப் 10 வருடம் தாண்டியதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு, எண்ணெய் கசிவோடு அங்கே போக முடியாது. ஒரு வாரம் கழித்துக் கிராஸ் மெம்பர் போல்ட்டையும் ஷாஃப்ட் போல்ட்டையும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். ஷாஃப்ட்டில் ஒன்று கால் சுற்று போனது.