இதயப்புழுவோடு வரும் நாய்: சிகிச்சைச் செலவைத் திட்டமிடுவது எப்படி

டெக்சஸ், லூசியானா போன்ற கொசு மிகுந்த அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஷெல்டர்களிலிருந்து (கைவிடப்பட்ட விலங்குகளின் காப்பகங்கள்) வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால், அதற்கு இதயப்புழு, அதாவது கொசு வழியே பரவி இதயத்திலும் நுரையீரல் நாளங்களிலும் வாழும் புழு, இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சிகிச்சைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். தொகையைக் கேட்டதும் நாயை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். முழுப் பணமும் முதல் நாளே தேவைப்படாது.

கையெழுத்திடும் முன்பே ஷெல்டரிடம் பேசுங்கள். பல ஷெல்டர்களில் 'ஃபாஸ்டர் டு அடாப்ட்' ஏற்பாடு உண்டு: சிகிச்சை முடியும்வரை நாய் சட்டப்படி ஷெல்டருடையது, மருத்துவச் செலவும் அவர்களுடையது, நாய் வசிப்பது மட்டும் உங்கள் வீட்டில். கிடைத்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: எந்த மருத்துவமனை, எத்தனை ஊசி வரை, நள்ளிரவில் அவசரம் என்றால் யார் பணம் கட்டுவது. அனுமதி கேட்காமல் வேறு மருத்துவரிடம் போய்விட்டு ரசீதை நீட்டினால் பெரும்பாலும் பணம் திரும்பி வராது.

செலவு உங்களுடையது என்றானால், இரண்டு மூன்று மருத்துவமனைகளில் வரிவரியாகப் பிரித்த எஸ்டிமேட் கேளுங்கள். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஊசி போடும் நாளில் தங்கவைக்கும் கட்டணம், வலி மருந்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். இவை விடுபட்ட எஸ்டிமேட்தான் மலிவாகத் தெரியும். விலங்கு நல அமைப்புகள் நடத்தும் குறைந்த கட்டண கிளினிக்குகளையும் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்க ஹார்ட்வொர்ம் சொசைட்டி பரிந்துரைக்கும் அட்டவணையே உங்களுக்குத் தவணைக்காலம் தருகிறது. முதல் நாள் உறுதிப்படுத்தும் பரிசோதனை, மாதாந்திரத் தடுப்பு மருந்து, நோய் அறிகுறி இருந்தால் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு. கூடவே 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். வளர்ந்த புழுக்களைக் கொல்லும், பெருஞ்செலவான மெலார்சொமைன் ஊசி 60, 90, 91ஆம் நாட்களில்தான். முதல் ஊசிக்கு இரண்டு மாதம், மற்ற இரண்டுக்கும் மூன்று மாதம் கையில் இருக்கிறது. அந்த மாதங்களில் தனிக் கணக்கில் சேமித்து வாருங்கள்.

டாக்ஸிசைக்ளினை மருத்துவமனையிலேயே வாங்க வேண்டியதில்லை. மருந்துச்சீட்டு வாங்கி, மனிதர்களுக்கான ஃபார்மசியில் குட்ஆர்எக்ஸ் போன்ற தள்ளுபடி கூப்பனோடு விலை கேளுங்கள். அளவு கிலோவுக்கு 10 மி.கி., நாளுக்கு இருமுறை. 20 கிலோ நாய்க்கு 100 மி.கி. மாத்திரை 112 ஆகும். உணவோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி வரும். வாந்தி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள்.

ஊசியின் விலை எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு 2.5 மி.கி., ஒரு குப்பியில் 50 மி.கி. அதாவது 20 கிலோவரை ஊசிக்கு ஒரு குப்பி போதும், அதைத் தாண்டினால் இரண்டாவதைத் திறக்க வேண்டும். 24 கிலோ நாய்க்கு 60 மி.கி. தேவை. கரைத்த மருந்தைக் குளிர்சாதனத்தில் 24 மணி நேரம் வைக்கலாம் என்பதால், 90, 91ஆம் நாள் ஊசிகளுக்கு நான்கு குப்பிக்குப் பதில் மூன்று போதுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்லமாட்டார்கள்.

கடன் எடுப்பதானால், மருத்துவச் செலவுக்கான கடன் அட்டையான கேர்கிரெடிட்டின் 'வட்டியில்லா ஆறு மாதம்' என்ற சலுகையைக் கவனமாகப் படியுங்கள். அது தள்ளிவைத்த வட்டி. கெடுவுக்குள் ஒரு டாலர் பாக்கி நின்றாலும் வாங்கிய நாளிலிருந்து முழு வட்டியும் ஏறும். பில்லில் காட்டும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் கெடுவுக்குள் தீராது. 900 டாலர் என்றால் மாதம் 150 தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். ஊசிச் செலவை மட்டும் அதில் போடுங்கள், சிறு செலவுகளைக் கையிருப்பில் முடியுங்கள்.

காப்பீட்டை நம்பாதீர்கள். முன்பே இருந்த நோய்க்குச் செல்லப்பிராணிக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. எஃப்எஸ்ஏ, எச்எஸ்ஏ என்ற வரிச்சலுகை மருத்துவச் சேமிப்புக் கணக்குகளின் பணமும் சேவை நாய்களுக்கு மட்டுமே ஆகும். வரி விஷயத்தில் ஒரு வழி உண்டு: 501(சி)(3) அமைப்பின் (வரிவிலக்கு பெற்ற தொண்டு நிறுவனம்) நாயை ஃபாஸ்டராக வைத்து, திரும்பக் கிடைக்காத செலவு செய்திருந்தால், விலக்குகளைப் பட்டியலிட்டு வரி தாக்கல் செய்பவர்கள் அதை நன்கொடையாகக் காட்டலாம். 250 டாலரும் அதற்கு மேலும் போனால் அமைப்பின் எழுத்து ஒப்புகை தேவை. தத்தெடுத்த பின் செய்யும் செலவுக்கு இது பொருந்தாது.

எதில் குறைக்கக்கூடாது என்பது முக்கியம். மூன்றாவது ஊசியை விட்டுவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மூன்று ஊசியில் சுமார் 98 சதவீதப் புழுக்கள் சாகும், இரண்டில் சுமார் 90 தான். மிஞ்சிய புழுக்கள் நுரையீரல் நாளங்களைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். பணம் அறவே இல்லையென்றால் மாக்ஸிடெக்டின் என்ற தடுப்பு மருந்தும் டாக்ஸிசைக்ளினும் சேர்ந்த மெதுவான முறை இருக்கிறது. ஆனால் அது நீண்ட காலம் எடுக்கும், அதுவரை ஓட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், பரிசோதனைச் செலவும் தொடரும்.

அட்டவணையில் வராத செலவு ஒன்று உண்டு. ஊசிக்குப் பிந்தைய நான்கு வாரங்களில் செத்த புழுத் துண்டுகள் நுரையீரல் நாளத்தை அடைக்கலாம். இருமல், ரத்தம் துப்புதல், மூச்சிரைப்பு கண்டால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அதற்கென்று சில நூறு டாலரைத் தொடாமல் வையுங்கள். இந்தச் செலவைத் தவிர்க்க மிகச் சிறந்த வழிக்குக் காசே வேண்டாம்: நோய் உறுதியான நாளிலிருந்து, கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு முதல் எட்டு வாரம்வரை, ஓட்டம், விளையாட்டு கூடாது, வெளியே போக எப்போதும் கயிறு, வீட்டில் கூண்டு.

கடைசி ஊசியிலிருந்து ஒன்பது மாதம் கழித்து, புழு மிஞ்சியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிஜென் பரிசோதனைக்குப் பணம் ஒதுக்குங்கள். பிறகு மாதத் தடுப்பு மருந்தை மருத்துவமனையிலேயே வாங்கி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். சில தயாரிப்பாளர்கள் மருந்தை மீறிப் புழு வந்தால் சிகிச்சைக்குப் பணம் தருகிறார்கள், ஆனால் மருத்துவர் வழியே வாங்கியதற்கும் விடாமல் கொடுத்ததற்கும் ஆதாரம் கேட்பார்கள்.